நம்மூர்ச் சாகித்தியங்களுக்கு ஓர் இடம்: ஆலய அறங்காவலர்களுக்கும் இசை விழா அமைப்பாளர்களுக்கும் திறந்த மடல்

மதிப்புக்குரிய பெரியோர்களே,

யாழ்ப்பாணத்தில் உங்கள் திருவிழா மேடைகளில் சாக்சபோன் வாசிப்பவன் என்ற உரிமையோடு இம்மடலை எழுதுகிறேன். நீங்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகளும் இறுதியில் நான்கைந்து சினிமாப் பாடல்களுமே. கர்நாடக இசை மும்மூர்த்திகளின் உருப்படிகளை, அதாவது கீர்த்தனை முதலான இசையாக்கங்களை, வாசித்தே நான் இசை கற்றேன். அவற்றைக் குறைக்கும்படி கேட்கவில்லை. ஆனால் பாடல் இயற்றிய நம்மூர்ச் சாகித்தியகர்த்தா ஒருவரின் உருப்படிகூட இல்லாமல் ஒரு மாலை முடிந்துபோவதை இனியும் என்னால் இயல்பென்று ஏற்க முடியவில்லை.

“கற்பகவல்லி நின் பொற்பதங்கள் பிடித்தேன்” பாடலை அறியாதவர் நம்மிடையே அரிது. பாடியவர் டி. எம். சௌந்தரராஜன் என்பதும் தெரிந்ததே. இயற்றியவர் யாழ்ப்பாணத்து இணுவில் ந. வீரமணி ஐயர் என்பதையும், அவர் மற்ற இராகங்களுக்குத் தாயான 72 மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனைகள் செய்தவர் என்பதையும் எத்தனை பேர் அறிவர்? சென்ற ஆண்டு ஓர் ஆலயத்தில் அவருடைய கீர்த்தனையொன்றை வாசித்து முடித்தபோது, எனக்கு மிருதங்கம் வாசித்த இளைஞரே, “இது ஆரின்ர உருப்படி, அண்ணை?” என்று கேட்டார். அந்த இளைஞர் பிறந்து வளர்ந்ததும் இணுவிலில்தான். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பாடகருக்குச் சொல் துணை நிற்கும். என் வாத்தியத்துக்குச் சொல் இல்லை. தெரிந்த பாடலானால் கேட்பவர் சொற்களைத் தம் மனத்துக்குள் நிரப்பிக்கொள்வார். தெரியாததானால் அவரை எட்டுவது இராகமும் தாளமும் மட்டுமே. ஆகவே இயற்றியவர் பெயரை ஒலிவாங்கியில் சொல்வதும் பாடல் வரிகளை அழைப்பிதழில் அச்சிடுவதும் எங்களுக்கு உபசாரமல்ல, தேவை. பெர்னாந்து தெக்ரூக் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1943இல் சாக்சபோனுக்கு எழுதிய சொனாட்டா என்ற மேற்கத்திய இசையாக்கம் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. வாசிப்பவர்கள் அதை மேடைக்குக் கொண்டுவந்ததனாலேயே இன்று அது பலரும் விரும்பி எடுக்கும் உருப்படியாயிற்று.

நம் நிலைமை அதைவிட அவசரமானது. மாணவிகளுக்காகக் கீர்த்தனைகள் இயற்றிய சங்கீத ஆசிரியைகள் பலரின் சுரதாளக் குறிப்புகள் கொப்பிகளிலேயே கிடக்கின்றன. 1981இல் நூலகம் எரிந்த ஊரில், 1995இல் போரினால் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு சனம் வெளியேறிய ஊரில், ஒரே பிரதியாக எதையும் விட்டுவைக்கலாகாது.

ஒவ்வொரு கச்சேரியிலும் நம்மூர் உருப்படி ஒன்றுக்கு இடம் தாருங்கள். கடைசியில் சனம் எழும்பிப் போகும் நேரத்துச் சிறு துக்கடாவாக அல்ல, நடுவில், இராக ஆலாபனையோடு வாசிக்கும் இடமாக அது இருக்கட்டும். உங்கள் ஊரில் அப்படியொரு கொப்பி இருந்தால், உரியவரின் சம்மதத்துடன் பிரதியெடுத்து மருதனார்மடத்திலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக இசைத்துறையிடமும் ஒன்றைக் கொடுத்துவையுங்கள். குறிப்பை ஒழுங்குபடுத்தி வாசித்துக் காட்ட நான் வேதனம் எதுவும் கேட்கமாட்டேன். இவ்வருடத் திருவிழா அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போகுமுன் அறிவித்தால் போதும்.

இங்ஙனம்,
உங்கள் மேடைகளின் சாக்சபோன் கலைஞன்,
யாழ்ப்பாணம்.