பாதிக் காரை விற்றவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஃபிரெட் டூசன்பர்க் ஐயாவுக்கு,

வணக்கம். உங்கள் காரை நீங்களே ஓட்டிப்போய், விபத்தில் அடிபட்டு, 1932 ஜூலையில் காலமானீர்கள். அதன் பிறகு நடந்ததை யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டாமா?

அமெரிக்காவில் நீங்கள் உருவாக்கிய டூசன்பர்க் மாடல் ஜே கார் மேல் உள்ள பைத்தியம் இன்னும் யாருக்கும் தெளியவில்லை. எனக்கும்தான். கேட்டால் பலரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். வரிசையாக எட்டு சிலிண்டர், சுமார் 6.9 லிட்டர், சிலிண்டருக்கு நான்கு வால்வு, அவற்றைத் திறக்க இரட்டை கேம்ஷாஃப்ட். 265 குதிரைத்திறன் என்று 1928இல் அறிவித்தீர்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னீர்கள் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பாதியாக வெட்டினாலும் அன்றைய கார்களில் பெரும்பாலானவை கிட்டே வராது, விடுங்கள்.

என்னை இழுப்பது வேறு. நீங்கள் முழுக் காரை விற்கவே இல்லை! எஞ்சினும், பாடி இல்லாத அடிச்சட்டமான சேசிஸும் மட்டும் 8,500 டாலர். ஃபோர்டு மாடல் ஏ முழுசாகவே 500 டாலருக்குள் கிடைத்த காலம் அது. லேலண்ட் சேசிஸை வாங்கி கரூர் பட்டறையில் பஸ் பாடி கட்டுவதைப் போல, உங்கள் வாடிக்கையாளர் பாடியைத் தன் ரசனைக்கு வெளியே கட்டிக்கொண்டார். பாசடீனாவில் மர்ஃபி பட்டறை கட்டியவற்றில் முன்கண்ணாடியைத் தாங்கும் தூண்கள் மெலிந்திருக்கும், பாதையை மறைக்காது. தானே ஓட்ட ஆசைப்பட்டவருக்கான வண்டிகள் அவை. நியூயார்க்கின் ரோல்ஸ்டன் கட்டிய டவுன் காரிலோ முதலாளி மூடிய அறைக்குள், டிரைவர் திறந்த வெளியில். சேசிஸ் ஒன்றுதான். மேலே உட்கார்ந்திருக்கும் பாடியைப் பார்த்தே வாங்கியவரின் குணத்தைச் சொல்லிவிடலாம். இன்றைய எந்த விலையுயர்ந்த காரிலும் எனக்கு இந்த வேடிக்கை கிடைப்பதில்லை.

சரி, மீதிக் கதை. ஜே வெளிவந்து ஒரு வருடம் ஆவதற்குள் பங்குச்சந்தை சரிந்ததை நீங்களே பார்த்தீர்கள். மொத்தம் 480 சொச்சம் கார்கள்தான் உருவாயின. நீங்கள் போன பிறகு வந்த விளம்பரங்களில் கார் படமே கிடையாது. ஒரு பணக்காரர், அவருடைய வீடு, அவர் டூசன்பர்க் ஓட்டுகிறார் என்று ஒரே ஒரு வரி. என்ன திமிர்! 1935இல் பந்தய வீரர் ஏப் ஜென்கின்ஸ், அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள போன்வில் உப்புவெளியில் ஒரு டூசன்பர்க்கை 24 மணி நேரம் சராசரியாக மணிக்கு 135 மைல் வேகத்தில் ஓட்டினார். அந்தக் காரில் உங்கள் தம்பி ஆகஸ்டின் கைவேலையும் உண்டு. 1937இல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

நடிகர் கேரி கூப்பரிடம் இருந்த எஸ்எஸ்ஜே, அதாவது மாடல் ஜேயின் குட்டையான வேக வடிவம், 2018இல் 2.2 கோடி டாலருக்கு ஏலம் போனது. அப்புறம் ஒரு வருத்தம். மணிக்கு 116 மைல் போகும் என்று நீங்கள் சொன்ன வண்டியைப் பலர் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய கார் கண்காட்சிப் புல்தரையில் இறக்கிப் பரிசு வாங்குகிறார்கள். இண்டியானாவின் ஆபர்ன் ஊரில் செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும் கார் விழாவிலோ தெருவில் ஓட்டியே வருவார்கள். அவர்கள்தான் என் கட்சி.

அன்புடன்,
உங்கள் ரசிகன்