தேர்வைப் பாம்பு வளைக்குப் பக்கத்தில் வையுங்கள்

தேசியத் தொழிற்கல்வி, பயிற்சி மன்றத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் திறமைக்கு எப்படித் தேர்வு வைப்பது என்பது பற்றி எழுதுகிறேன். 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட், அதாவது கற்றதை அளக்கும் ஓர் அலகு. வேலை அனுபவம் இருந்தால் அதிகபட்சம் 2 மடங்கு. பெருக்குவதற்கு முதலில் ஒரு தொகை வேண்டாமா? பள்ளிப்படி மிதிக்காமல் 30 வருடம் பாம்பு பிடித்த இருளருக்கு அது இல்லை. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதே 2023-இல்தான் பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். 2017-இல் பர்மிய மலைப்பாம்பு பிடிக்க ஃபுளோரிடா வரை அழைக்கப்பட்டவர்கள் இவர்கள்.

1882-இன் மதராஸ் வனச் சட்டம் காப்புக்காட்டுக்குள் நுழைவதையே குற்றமாக்கியது. 1970-களில் பாம்புத்தோல் வியாபாரமும் தடையானபின், 1978-இல் இருளர்களின் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற 4 இனங்களின் விஷம்தான் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். சுமார் 3 வாரத்தில் 4 முறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் செதிலே சொல்லிவிடும்.

முன்கற்றலை, அதாவது வகுப்பறைக்கு வெளியே ஏற்கெனவே கற்றதை, மதிப்பிடும் தேர்வை இந்தத் திறமைக்கு எப்படி நடத்துவது? கணினி முன் உட்கார வைத்துப் படத்தைக் காட்டி நான்கு விடை கொடுத்தால் எழுத்துதான் சோதிக்கப்படும். வயல் வரப்புக்கு அழைத்துப் போங்கள். நாலைந்து எலிவளைகளைக் காட்டி எதில் பாம்பு என்று கேளுங்கள். வளையின் வாயில் சிலந்திவலை இருந்தால் அண்மையில் எதுவும் நுழையவில்லை. விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்திருந்தால் போக்குவரத்து உண்டு. பாம்பு உரித்த சட்டை கிடந்தால், அதன் வால்நுனி இருக்கும் பக்கமே பாம்பு போன பக்கம். சட்டை உள்புறம் வெளியாகப் புரண்டு கழலுவதால் அப்படி. பிறகு தோண்டச் சொல்லுங்கள். வாய்க்கு நேரே கடப்பாரையை இறக்கினால் பாம்பின் முதுகு ஒடியும். பக்கவாட்டில் மண்ணைச் சரித்துக்கொண்டே போக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் மட்டும் தேர்வு வேண்டாம். தடம் கரைந்து, வளையில் தண்ணீர் நிற்கும். அப்போது தோற்பவர் திறமை இல்லாமல் தோற்கவில்லை.

கேள்வி இருளர் பேச்சில், வாய்மொழியாக இருக்கட்டும். மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவராவது இருளப் பெரியவராக இருக்க வேண்டும். 'கல்வித்தகுதி' என்ற கட்டத்தை அவருக்காகத் தளர்த்துங்கள். மற்றவருக்குத் தரும் அதே சன்மானத்தை அவருக்கும் தாருங்கள். பொன்னாடையோடு அனுப்பிவிடாதீர்கள்.