பட்டுப் புடவையைக் காட்டி நூல் புடவையை விற்காதீர்கள்

பல கன்சோல்களுக்கு (டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டிகளுக்கு) ஒரே கேமை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் கேட்கப்போவது ஒரே ஒரு விஷயம். அதற்குப் புது சிப்பும் வேண்டாம், கூடுதலாக நூறு புரோகிராமர்களும் வேண்டாம். எந்தக் கன்சோலுக்கு விற்கிறீர்களோ, அந்தக் கன்சோலில் ஓடும் கேமைக் காட்டி விற்றுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது விலை குறைந்த கன்சோல். சில மாதங்களுக்கு முன் ஒரு டிரெய்லரைப் பார்த்து மயங்கி, கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு கேம் வாங்கினேன். ராத்திரி முழுக்க டவுன்லோடு. காலையில் திறந்தால், கதாநாயகியின் முகம் வந்து இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் மூக்கு வந்தது. சந்தையில் ஆட்கள் வானத்திலிருந்து குதித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "அப்பா, டிவி கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். திரும்பவும் அந்த டிரெய்லரைத் தேடிப் பார்த்தேன். பிசியில் எடுத்த காட்சி என்று ஓரத்தில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.

எல்லாக் கன்சோலிலும் ஒரே மாதிரி ஓடாது என்பது எனக்குத் தெரியும். 2005-இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360-இல் 512 எம்பி நினைவகம் ஒரே தொட்டியாக இருந்தது; பிராசசரும் கிராபிக்ஸ் சிப்பும் தேவைக்கு ஏற்ப மொண்டுகொள்ளலாம். அடுத்த ஆண்டு வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3-இலும் (பிஎஸ்3) மொத்தம் அதே 512தான், ஆனால் 256, 256 என்று நடுவில் சுவர். அதன் செல் பிராசசரோ ஒரு முக்கிய கோரையும் (கணக்குப் போடும் மூளை), கேம்களுக்கென ஆறு குட்டி கோர்களையும் தந்தது. ஒவ்வொரு குட்டிக்கும் சொந்தமாக 256 கேபி இடம் மட்டுமே. தரவை அதற்குள் கொண்டுபோய் வைப்பதும், விடையை எடுத்து வருவதும் புரோகிராமரின் தலைவலி. தெரிந்தவன் கையில் அது சிங்கம். 360-க்கு எழுதி முடித்துவிட்டு அப்புறம் இங்கே தூக்கி வந்தவர்களுக்கு, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

'பயோனெட்டா' கேம் நினைவிருக்கிறதா? 360 பதிப்பைச் செய்தது பிளாட்டினம் கேம்ஸ்; பிஎஸ்3 பதிப்பை சேகா தனியாகச் செய்தது. விநாடிக்கு வரும் பிரேம்கள் (படங்கள்) சரிந்தன, கேமை நிறுத்தி வைத்தால்கூட 'லோடிங்' என்று காக்க வைத்தது. 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' இன்னும் கொடுமை. ஆரம்பத்தில் ஒழுங்காக ஓடிய கேம், நாள் ஆக ஆக பிஎஸ்3-இல் திக்கித் திணறியது. முதல் ஐந்து மணி நேரம் ஆடிப் பார்த்து விமர்சனம் எழுதுபவர் கண்ணில் இந்தக் குறை படவே படாது. அதன் 'டான்கார்ட்' விரிவாக்கம் 360-க்கு 2012 ஜூனில் வந்தது. பிஎஸ்3-க்கு 2013 பிப்ரவரியில்தான். அதே காலத்தில் கிரைடீரியன் குழு 'பர்ன்அவுட் பாரடைஸ்' கேமை பிஎஸ்3-ஐ முதன்மையாக வைத்து உருவாக்கியது. இரண்டு கன்சோலிலும் விநாடிக்கு 60 பிரேம். முரட்டு மாட்டை முதலில் பழக்கியவர்களுக்கு வண்டி ஓடியது, அவ்வளவுதான்.

இதெல்லாம் பொறியியல் சிக்கல். அதற்காக உங்களோடு சண்டை போட மாட்டேன். என் சண்டை 'சைபர்பங்க் 2077' விஷயத்தில் நடந்தது போன்றதோடு. 2013-இல் வந்த பிஎஸ்4-இல் வேகம் குறைந்த 1.6 கிகாஹெர்ட்ஸ் கோர்களும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும்தான். இந்த கேமிலோ, வண்டி ஓட ஓட ஒரு பெருநகரத்தையே அந்த டிஸ்க்கிலிருந்து இழுத்துக் கொட்ட வேண்டும். முடியாது என்று உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது பிசி பதிப்பு. 2020 டிசம்பர் 10 அன்று வெளியாகி ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே எடுத்துவிட்டது. திரும்பி வந்தது அடுத்த ஜூனில். பழைய கன்சோல்களில் கேம் எப்படி ஓடுகிறது என்பதை முன்கூட்டியே காட்டாததற்கு அதைத் தயாரித்த சிடி புரொஜெக்ட் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. கவனியுங்கள், அவர்கள் முதலில் வருத்தப்பட்டது காட்டாமல் விட்டதற்காக.

மறுபக்கம், 'விட்ச்சர் 3' கேம் 2019-இல் நின்டெண்டோவின் ஸ்விட்சுக்கு வந்தது. 4 ஜிபி நினைவகம் உள்ள கையடக்கக் கருவி. கையில் வைத்து ஆடினால் 540பி (540 வரிப் படம்) அளவுதான், புல்லெல்லாம் மங்கல். ஆனால் விரிவாக்கங்களோடு முழு கேமும் 32 ஜிபி கார்ட்ரிட்ஜில் இருந்தது. 'டூம்' கேம் ஸ்விட்சுக்கு வந்தபோது 60 பிரேம் 30 ஆனது. வாங்கியவர்கள், என்ன கிடைக்கும் என்று தெரிந்தே வாங்கினார்கள். நூல் புடவையில் என்ன குறை? கடை வாசலில் பட்டுப் புடவையை மாட்டிவிட்டு, அதே விலைக்கு உள்ளே நூல் புடவையை மடித்துக் கொடுப்பதுதான் குறை.

இப்போது விலை குறைந்த எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸில் 10 ஜிபி நினைவகம், வலுக்கூடிய சீரீஸ் எக்ஸில் 16. கிராபிக்ஸ் வலு குறைந்தால் ரெசல்யூஷனை (படத்தின் நுணுக்கத்தை) குறைத்துச் சமாளிக்கலாம். நினைவகம் குறைந்தால் அப்படி எளிதில் தப்ப முடியாது, கேமின் உள்ளடக்கத்திலேயே கை வைக்க நேரும். 'பால்டர்ஸ் கேட் 3' திரையை இரண்டாகப் பிரித்து ஆடும் வசதியை சீரீஸ் எஸ்ஸில் தர முடியாமல் தடுமாறியது. இரண்டு எக்ஸ்பாக்ஸிலும் ஒரே அம்சங்கள் வேண்டும் என்ற நிபந்தனையை மைக்ரோசாஃப்ட் தளர்த்திய பிறகு, 2023 டிசம்பரில் எஸ்ஸில் அந்த வசதி இல்லாமலே வந்தது. கேமைத் தயாரித்த லாரியன் நிறுவனம் அதை வெளிப்படையாகச் சொன்னது. 2025 ஏப்ரலில் பேட்ச் (திருத்தப் பதிவிறக்கம்) மூலம் அந்த வசதியையும் கொடுத்தது. 'பிளாக் மித்: வுகோங்' எக்ஸ்பாக்ஸுக்கு ஒரு வருடம் தாமதமாக வந்தது, அந்த 10 ஜிபிதான் இடிக்கிறது என்று அதன் தலைவரே எழுதினார். தாமதம் எரிச்சல்தான். ஆனால் காசை எடுத்துக்கொண்டு காக்க வைக்கவில்லையே.

எனவே கோரிக்கை இதுதான். ஸ்டோர் பக்கத்தில் அந்தந்தக் கன்சோலிலேயே எடுத்த வீடியோ, வெட்டாமல் முப்பது விநாடி. பரபரப்பான சந்தையோ பெரிய சண்டையோ உள்ள இடமாக இருக்கட்டும். கூடவே ரெசல்யூஷன், பிரேம் எண்ணிக்கை, எதையாவது நீக்கியிருந்தால் ஒரு வரி. விமர்சகர்களுக்கு அனுப்பும்போது மிக வலுக்குறைந்த கன்சோலின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள், முன்பதிவுப் பணம் கையில் வருவதற்கு முன்பாகவே.

மங்கலாக இருந்தாலும் நான் வாங்கினாலும் வாங்குவேன். மகன் டிவியைக் குறை சொன்னால், பதில் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
விலை குறைந்த கன்சோல் வைத்திருக்கும் ஒரு அப்பா