தோளில் நிற்க வேண்டிய கவுன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். சிங்கப்பூரில் நீ மின்சாரத் தையல் மிஷின் ஒன்று வாங்கியிருப்பதாகவும், வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போட்டுக்கொள்ள உடம்பைப் பிடிக்காத கவுன் ஒன்றை நீயே தைக்க நினைப்பதாகவும் அம்மா சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு மனம் நிறைந்திருக்கிறது. போனில் சொன்னால் அளவுகள் காதோடு போய்விடும் என்பதால், மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொள்ளும்படி எழுதி அனுப்புகிறேன். இதனுடன் வரும் பார்சலில் அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்று இருக்கிறது. அதை நீ உடுத்துவதற்காக அனுப்பவில்லை, வெட்டுவதற்காகவே அனுப்பியிருக்கிறேன். தயங்காமல் கத்தரியை வை.

முதலில் ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள். தொளதொளப்பான உடுப்பு வேண்டுமென்றால் எல்லா அளவையும் கூட்டி வெட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் இரண்டு சைஸ் பெரியதாக எடுத்துக்கொள்கிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சைஸ் கூடும்போது மார்பும் இடுப்பும் மட்டும் கூடுவதில்லை. கழுத்தும் தோளும் சேர்ந்தே அகலமாகின்றன. கழுத்து அகன்றால் உடுப்பு ஒரு பக்கம் சரியும், தோள் இறங்கினால் கை மேலே தூக்க வராது, நாள் முழுவதும் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அது சுகமான உடுப்பே அல்ல. கழுத்தும் தோளும் உன் அளவுக்குச் சரியாக இருந்து, மார்புக்கு மேலிருந்து கீழே மட்டும் துணி தாராளமாக விழுந்தால், உடுப்பின் பாரம் முழுவதையும் தோள் ஏற்றுக்கொள்ளும், மற்ற இடமெல்லாம் காற்றோட்டமாக இருக்கும். மதுரைப் புது மண்டபத்தில், திருமலை நாயக்கர் எழுப்பிய கல் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்திருந்த தையல்காரர்களிடம் நான் தொழில் கற்ற காலத்தில், எவ்வளவு லூஸான உடுப்புக்கு ஆள் வந்தாலும் அவர்கள் டேப்பை முதலில் வைத்த இடம் தோள்தான். தோளிலிருந்து மார்பின் மேல்பகுதி வரை கச்சிதமாகப் படியும் தனித் துண்டுக்கு யோக் என்று பெயர்; உனக்கு யோக் வைத்த கவுனை நான் சொல்வதும் அதனால்தான்.

சுங்குடியைத் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. இங்கே மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் இந்தப் பருத்தித் துணிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது கடைகளில் அச்சடித்த புள்ளிகளே அதிகம். உனக்கு அனுப்பியிருப்பது கையால் முடிச்சுப் போட்டது. அச்சுப் புள்ளிகள் எல்லாம் ஒரே வட்டமாக இருக்கும். முடிச்சுப் புள்ளியின் ஓரமோ சற்றுக் கலைந்திருக்கும், விரலால் தடவினால் சிறு மேடு தட்டுப்படும். துணி மெல்லியதாக இருப்பதால் சுருக்கு வைத்தால் விறைத்து நிற்காமல் மெத்தென்று விழும். அங்குள்ள புழுக்கத்துக்கு வியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும்.

வெட்டுவதற்கு முன் சேலையை முழுதாக ஊறவைத்து, வேறு துணியோடு சேர்க்காமல் தனியாக அலசு. கஞ்சி போகும், விட வேண்டிய சாயம் விட்டுவிடும், சுருங்க வேண்டியதும் சுருங்கிவிடும். 5.5 மீட்டர் சேலையில் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே அரை அடிக்கு மேல் போய்விடும் என்பதால், தைத்த பிறகு அது நடந்தால் யோக்கும் உடம்புத் துணியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போவதற்குள் இஸ்திரி போட்டுவிடு. காய்ந்த சுங்குடியில் மடிப்பு எளிதில் விடாது.

அளவெடுக்கத் துணைக்கு ஒருவர் வேண்டும். முதுகுப் பக்கம் ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மறு முனை வரை டேப்பை வைத்து அளக்கச் சொல். ஆள் கிடைக்காவிட்டால், உனக்குத் தோள் கச்சிதமாக இருக்கும் சட்டை ஒன்றை மேசையில் விரித்து அதில் அளந்துகொள். உன் தோள் 14.5 அங்குலம், மார்பு 36 என்று வைத்து நான் எழுதுகிறேன். மாறியிருந்தால் தோளை மட்டும் அதற்கேற்ப மாற்று. மார்பில் ஓரிரு அங்குலம் முன்பின்னாக இருந்தாலும் இந்தக் கவுனுக்குக் கவலையில்லை.

முந்தியை விட்டுவிட்டு, சேலையின் உடம்புப் பகுதியிலிருந்து இரண்டேகால் மீட்டர் எடுத்துக்கொள். கழுவிய பின் அகலம் 45 அங்குலம் இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனாலும் அளந்து பார். சேலையின் ஒரு கரை கவுனின் கீழ்விளிம்பாக வரும்படி 34 அங்குல உயரமும் 28 அங்குல அகலமுமாக முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு துண்டுகள் வெட்டு. கரையே விளிம்பு என்பதால் அங்கே மடித்துத் தைக்க வேண்டியதில்லை. மேலே மீதியாகும் 11 அங்குலப் பட்டையில் மறு கரை இருக்கும். கைகள் இரண்டையும் அந்தக் கரை கையின் விளிம்பாக வரும்படி எடுத்தால் அங்கும் மடிப்பு மிச்சம். யோக் துண்டுகளும் அதே பட்டையில் அடங்கிவிடும். சேலையின் நீளவாக்கு நூல் இதில் உடம்பைச் சுற்றி வரும். பாவாடைக்கும் நாம் அப்படித்தானே வெட்டுகிறோம், அதனால் பயப்படாதே. ஆனால் பக்கங்களைச் சரித்து, கீழே போகப் போக விரியும் ஏ-லைனாக மட்டும் வெட்டாதே. கரை நேராக ஓடும் துணியைச் சரித்து வெட்டினால் பக்கத் தையல் இரண்டும் கீழே வந்து சேரும் இடத்தில் முனைகள் தாழ்ந்து தொங்கும். விரிவு வேண்டியதைச் சுருக்கே கொடுத்துவிடும்.

யோக்கைப் பழுப்புத் தாளில் வரைந்து வெட்டிக்கொள். தையலுக்கு விடும் அரை அங்குலங்களையும் சேர்த்து 15.5 அங்குல அகலம், 8 அங்குல உயரம். கழுத்தின் அகலம் 6, முன் கழுத்தின் ஆழம் 4.5, பின் கழுத்தின் ஆழம் 1. தோளின் முனையை முக்கால் அங்குலம் சரித்துவிடு. பின் கழுத்தை ஆழமாக வெட்ட ஆசைப்படாதே. பின்னால் துணி பிடித்துக்கொண்டிருப்பதால்தான் முன்புறம் நழுவாமல் நிற்கிறது. இவ்வளவு சிறிய கழுத்தில் தலை நுழையாது என்பதால், பின் யோக்கின் நடுவே 4.5 அங்குலம் ஓபன் விட்டு, மேலே ஒரு பொத்தானும் நூல் வளையமும் வைத்துக்கொள்ளலாம். இதே தாளை வைத்து மெல்லிய வெள்ளைப் பருத்தியில் லைனிங்கும் வெட்டு. மேல் துணியின் தோள்களையும் லைனிங்கின் தோள்களையும் தனித்தனியே சேர்த்த பின், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துக் கழுத்தையும் ஓபனையும் ஒரே ஓட்டமாகத் தைத்துவிடு. வளைவில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் கத்தரி முனையால் நூலைத் தொடாமல் சிறு வெட்டுக் கொடுத்துத் திருப்பினால்தான் கழுத்து வட்டமாகப் படியும். ஊசி 14-ஆம் எண், தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர், வெட்டி மிஞ்சிய துணியில் ஓட்டிப் பார்த்த பிறகு கவுனில் கை வை.

அடுத்தது ஆம்ஹோல், அதாவது கையை இணைக்கும் வளைவு. லூஸ் உடுப்பு என்றதும் ஆம்ஹோலை 10 அங்குலத்துக்கு இறக்கிவிடுகிறார்கள். நன்றாக யோசித்துப் பார்: அக்குளுக்கு வெகு கீழே கை இணைந்திருந்தால், கையைத் தூக்கும்போது கையோடு சேர்ந்து பக்கத் துணி முழுவதும் மேலே வரும், கவுனே ஏறிவிடும். ஆம்ஹோல் அக்குளுக்குச் சற்றுக் கீழே நின்றால் கை மட்டும் அசையும், கவுன் இருந்த இடத்தில் இருக்கும். உனக்கு 8.5 அங்குலம் போதும். அதில் பெரும்பகுதி யோக்கிலேயே வந்துவிடுவதால், உடம்புத் துண்டுகளின் மேல் மூலைகளில் 2.5 அங்குல அகலமும் 2.75 அங்குல ஆழமுமாக மட்டும் வளைத்து வெட்டினால் சரியாக இருக்கும். கையின் மேல் வளைவும் அப்படியே: ஜாக்கெட்டுக்கு வைப்பதுபோல் உயரமாக வைக்காமல் 3 அங்குலத்தோடு நிறுத்திக்கொள். கையைத் தொங்கவிட்டால் அக்குளில் இரண்டு மடிப்பு விழும். விழட்டும், மேல் அலமாரியை எட்டும்போது கை தடையில்லாமல் போகும். கையின் அகலத்தை 19.5 அங்குலமாக எடுத்து, கரைப் பக்கம் 16-ஆகக் குறைத்துக்கொள். வெட்டுவதற்கு முன் வளைவின் மேல் டேப்பை நிறுத்திவைத்து அளந்து, ஆம்ஹோலின் சுற்றளவோடு ஒத்துப்போகிறதா என்று கட்டாயம் பார்.

சுருக்கு வைப்பதில்தான் அவசரப்படுவார்கள். உடம்புத் துண்டின் மேல் விளிம்பிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு தையல், முக்கால் அங்குலத்தில் இன்னொரு தையல் என மிஷினின் மிக நீளமான தையலில் ஓட்டி, இரு முனைகளிலும் நூலை நீளமாக விடு. துண்டையும் யோக்கையும் நான்கு சமப் பங்காக மடித்துக் குறியிட்டு, குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி குத்திய பிறகே பாபின் நூல்கள் (மிஷினின் அடி நூல்கள்) இரண்டையும் சேர்த்து மெதுவாக இழு. ஆம்ஹோலை ஒட்டி ஓர் அங்குலம் சுருக்கில்லாமல் விட்டுவிடு, அக்குளில் துணி குவிந்தால் உறுத்தும். ஏறக்குறைய 23 அங்குலம் 15-ஆகச் சுருங்கும், அதாவது ஒன்றரை மடங்கு. மெல்லிய பருத்திக்கு இதுவே அழகு. சுருக்குப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, இரண்டு வரிகளுக்கும் நடுவே அரை அங்குலத்தில் தைக்கும்போது, ஊசிக்கு முன்னால் ஒவ்வொரு மடிப்பையும் குண்டூசி முனையால் நேராக நிமிர்த்திக்கொண்டே போ. மடிப்புகள் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த இடம் தடித்து, இஸ்திரியிலும் சரியாகாது. பிறகு கீழ் வரி நூலை உருவிவிடு. ஊசித் துளைகள் முதல் சலவையில் மறைந்துவிடும். லைனிங்கின் கீழ் விளிம்பை உள்ளே மடித்துக் கையால் ஹெம்மிங் செய்தால் பிசிர் எதுவும் உடம்பில் படாது.

கைகளைப் பக்கத் தையலுக்கு முன்பே, துணி விரிந்திருக்கும்போதே இணைத்துவிட்டு, கை விளிம்பிலிருந்து கவுனின் கரை வரை ஒரே கோடாகப் பக்கங்களைத் தைத்துவிடலாம். பாக்கெட் வேண்டுமானால் மீதித் துணியில் எடுத்து அந்தத் தையலிலேயே சேர்த்துக்கொள்.

ஆனால் கைகளை இணைப்பதற்கு முன்பு குண்டூசிகளை எடுத்துவிட்டு, பக்கங்களைப் பிறகு பிரித்துவிடும் கச்சாத் தையலில் பிடித்து ஒருமுறை போட்டுப் பார்த்து, முதுகுப் பக்கம் யாரையாவது படமெடுக்கச் சொல்லி அனுப்பு. யோக்கின் ஓரம் உன் தோள் எலும்பில் நிற்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று பார்த்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்கிறேன். யோக் வரைந்த தாளைத் தூக்கிப் போட்டுவிடாதே. மீதி மூன்று மீட்டரில் இன்னொன்று தைக்க அது வேண்டும். அம்மா உன் தோழிக்கும் ஒன்று தைத்துக் கொடுக்கச் சொல்கிறாள். அவள் தோள் அளவையும் எடுத்து வை.

அன்புடன்,
அப்பா