'ராக்கெட்ரி' திரையிடலுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

'ராக்கெட்ரி: நம்பி விளைவு' படத்தின் திரையிடலுக்கும் அதையொட்டிய உரையாடலுக்கும் உதவிய அனைவருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. ராக்கெட் தொழில்நுட்பத்தை விற்றதாக, நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன்மீது விழுந்த பொய்ப்பழியைப் பார்த்துக் கலங்காமல் இருக்க முடியாது. அந்தக் கலக்கத்தோடு வழக்கின் விவரமும் வந்தவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததென்றால், அது உங்களால்தான்.

முதல் நன்றி வழக்கறிஞர்களுக்கு. வந்தவர்களுக்குக் கொடுத்த கையேட்டின் முதல் வரைவில் "நம்பி நாராயணன் விடுதலை ஆனார்" என்றிருந்ததை "வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்" எனத் திருத்தினீர்கள். விசாரணை நடந்து, சாட்சிகளைக் கேட்டு, குற்றம் நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பானால் அது விடுதலை. இந்த வழக்கு அந்தக் கட்டத்துக்கே போகவில்லை. 1994 நவம்பர் 30-இல் கைது, 50 நாள் சிறை. 1996-இல் சிபிஐ, குற்றச்சாட்டு பொய்யென்று அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் அதை ஏற்றது. பிறகும் கேரள மாநில அரசு மறுவிசாரணைக்கு முயன்றது. அதை 1998-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 50 லட்சம் ரூபாய் இழப்பீட்டுக்கான உத்தரவு வந்தது 2018 செப்டம்பர் 14-இல்தான். கைதுக்கும் அந்த உத்தரவுக்கும் நடுவே ஏறத்தாழ 24 ஆண்டுகள்!

குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு பேர், அதில் இருவர் மாலத்தீவுப் பெண்கள் என்பதையும் சேர்க்கச் சொன்னீர்கள். படம் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்கிறது, அதில் தவறில்லை. ஆனால் மற்ற ஐவர் மறக்கப்படக் கூடாது.

ஓய்வுபெற்ற பொறியாளர்களே, விகாஸ் என்ற ராக்கெட் எஞ்சினையும், கடுங்குளிர்த் திரவங்களில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சினையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் கரும்பலகையில் வரைந்த படம் அதைத் தீர்த்தது. விகாஸின் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். சாதாரண வெப்பநிலையில் சேமித்து வைக்கலாம். கிரையோஜெனிக் எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் வேண்டும். அந்த கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குத் தருவதாக ஒப்பந்தம் போட்ட ரஷ்யா, அமெரிக்க நெருக்கடியால் 1993-இல் பின்வாங்கியது. இந்தியாவின் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றியாகப் பறந்தது 2014 ஜனவரியில். கையிலேயே இல்லாத ஒன்றை 1994-இல் விற்றதாகக் குற்றச்சாட்டு என்று நீங்கள் சொன்னபோது அரங்கமே அமைதியானது. படத்தின் பல பகுதிகளை இஸ்ரோவின் முன்னாள் விஞ்ஞானிகள் சிலர் 2022-இல் மறுத்ததையும், விகாஸ் ஒரு பெரிய குழுவின் உழைப்பு என்பதையும் ஒளிக்காமல் சொன்னீர்கள். அந்த நேர்மைக்குத் தனி நன்றி.

செவித்திறன் குறைந்தோருக்காகத் தமிழ் வசனவரி (சப்டைட்டில்) தயாரித்த தம்பி தங்கைகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம். வசனவரிக் கோப்பு நொடிக்கு 25 சட்டக (ஃபிரேம்) கணக்கில் இருந்தது, படமோ 24. அப்படியே ஓடவிட்டிருந்தால் இரண்டரை மணி நேரத்தில் வசனவரி சுமார் ஆறு நிமிடம் முந்திப் போயிருக்கும். தொடக்கத்தை மட்டும் நகர்த்தினால் இது சரியாகாது என்று கண்டுபிடித்து, எல்லா நேரக்குறிகளையும் 25/24 ஆல் பெருக்கிச் சரிசெய்தீர்கள்.

வசனம் இசையில் அமுங்காதபடி நடு ஒலிபெருக்கியைத் தனியே உயர்த்திவைத்த ஆபரேட்டர் அண்ணனுக்கும், உரிமையாளரிடம் எழுத்துமூல அனுமதி வாங்கித் தந்தவர்களுக்கும் நன்றி.

திருத்திய கையேட்டை வேறு ஊர்களில் திரையிடுவோர் தாராளமாக நகலெடுத்துக்கொள்ளலாம். தேதிகளை மட்டும் மாற்றாதீர்கள்.

அன்புடன்,
திரையிடல் குழுவினர்