டெங்கு இல்லை, மலர்

வெள்ளவத்தை
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மலர்,

உன் கடிதமும் பஸ்ஸில் கொடுத்துவிட்ட தயிர் முட்டியும் வந்து சேர்ந்தன. முட்டி விளிம்பில் கொஞ்சம் உடைந்திருந்தது, தயிருக்கு ஒன்றுமில்லை. உன் மகனின் ஓ.எல். பரீட்சை முடிவை அம்மா படியேறி வருகிற எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டா.

"பிளேட்லெட் கூடிட்டுதா?" என்று கேட்டிருந்தாய். மூன்று மாதமாக நீ கேட்கிற ஒவ்வொரு முறையும் பொய்தான் சொன்னேன். எனக்கு டெங்கு வரவில்லை. 92 ஆயிரம் என்று சொன்னேனே, அது ஓட்டோவில் வரும்போது யோசித்து எடுத்த எண்.

நடந்ததை ஒரு வரியில் எழுதிவிடுகிறேன், அதற்கு மேல் கை ஓடாது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பத்து மணியிருக்கும், எனக்குத் தெரிந்த ஒருவன் என்னைப் பலவந்தம் செய்தான். உனக்கு அவனைத் தெரியாது.

பயமும் ஒரு வரிசையில்தான் வருகிறதடி. முதலில் குளிக்க வேண்டும் போலிருந்தது. விடியமுன் மூன்று தரம் குளித்தேன், உடுப்பைச் சன்லைட் போட்டு ஊறவைத்தேன். (தோய்க்காமல் கடதாசிப் பையில் வைத்திருந்தால் சட்ட வைத்திய அதிகாரிக்கு உதவியிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அந்த நேரம் ஆருக்கு அது நினைவு வரும்?) அடுத்தது வயிற்றில் தங்கிவிடுமோ என்ற பயம், 44 வயதில்! சனிக்கிழமை பாமசியில் போஸ்டினோர் என்கிற அவசர கருத்தடைக் குளிசை வாங்கி விழுங்கினேன். எச்.ஐ.வி. என்கிற சொல் ஞாயிறு இரவு, அம்மா படுத்த பிறகுதான் மண்டைக்குள் வந்தது. வந்ததும் மற்றதெல்லாம் சின்னதாகிவிட்டது.

திங்கள் காலை ஏழு மணிக்கே ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பிள்ளை, பத்துப் பேர் இருக்க, "எச்.ஐ.வி. டெஸ்ட்டா? ஆருக்கு, உங்களுக்கா?" என்று குரலைக் குறைக்காமல் கேட்டாள். இல்லை என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அவளில் கோபமில்லை என்று எழுதினால் அதுவும் பொய்.

காலி வீதி பஸ் தரிப்பிடத்தில் நின்றுதான் 1938க்கு எடுத்தேன். பெண்களுக்கான உதவி எண். எடுத்தவா என்னை அழவிட்டு, பிறகு ஒரு முகவரி தந்தா: கொழும்பு 10, டி சேரம் பிளேஸ், தேசிய பாலியல் நோய் மற்றும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக். உள்ளே போகும்போது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டுதான் போனேன். அங்கே என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு இலக்கம் தந்தார்கள், அவ்வளவுதான். காசும் இல்லை.

டொக்டர் சிங்களப் பெண். அவாவின் தமிழும் என் சிங்களமும் பாதிப் பாதி. ஆர், ஏன், அந்த நேரம் அங்கே என்ன வேலை என்று கேட்பா என்று பயந்துகொண்டிருந்தேன். அவா முதலில் கேட்டது, "எத்தனை மணித்தியாலம்?" அறுபது என்றேன். பேனையை மூடி வைத்துவிட்டு, "72க்குள் வந்துவிட்டீர்கள்" என்றா. எச்.ஐ.வி. உடம்பில் வேர் பிடிக்கமுன் மறிக்கிற குளிசைகள் இருக்கின்றன, பெப் என்பார்கள். 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் போட வேண்டும். முதல் சில மணித்தியாலத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லதாம். சனி, ஞாயிறு என்று பாராமல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் கேட்டிருக்கலாம் என்றும் சொன்னா. பொலிசில் முறைப்பாடு செய்தால்தான் மருந்தா என்று கேட்டேன். இல்லை, அது நீங்கள் ஆறுதலாக யோசிக்க வேண்டிய விஷயம், குளிசை இன்றைக்கே என்றா.

அன்றைக்கே இரத்தமும் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்ததும் எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. டொக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "இது வெள்ளிக்கிழமைக்கு முந்தின உங்களைப் பற்றிய முடிவு" என்றா. வைரஸ் உள்ளே போனாலும் சோதனையில் தெரிவதற்குக் கிழமைக்கணக்கில் எடுக்குமாம். ஆறாவது கிழமை ஒரு தரம், மூன்று மாதத்தில் இன்னொரு தரம் பார்க்க வேண்டும். குளிசை போடுவதால் சில வேளை தெரிய வருவது பிந்தலாம், அதனால் ஆறாவது கிழமையோடு நிறுத்திவிடக் கூடாது. சிபிலிஸ் என்கிற பாலியல் நோய்க்கும் அப்படியே. ஹெப்படைடிஸ் பி தடுப்பூசியும் தொடங்கினார்கள். நம் நாட்டுப் பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரை விடவும் குறைவாகத்தான் எச்.ஐ.வி. இருக்கிறது, ஒரு தரத்தில் தொற்றுகிற வாய்ப்பும் சின்னது என்று கணக்குச் சொன்னா. பகலில் அந்தக் கணக்கை நம்பினேன்.

இனி டெங்குக் கதை. குளிசை தொடங்கின முதல் கிழமை குமட்டல், நித்திரையில்லை, சோற்றைக் கண்டாலே வெறுப்பு. அம்மா "டெங்குவோ?" என்றா. ஓம் என்றுவிட்டேன். டெங்கு என்றால் இந்த ஊரில் ஒருவரும் இரண்டாம் கேள்வி கேட்பதில்லை. அம்மா தினமும் பப்பாசி இலை இடித்துச் சாறு தந்தா. அந்தக் கசப்பை என் பொய்க்குத் தண்டனை என்று குடித்தேன். கீழ்வீட்டு அன்ரி பயத்தில் தன் பூச்சாடித் தட்டு முழுக்கக் கவிழ்த்து வைத்தா, அந்தளவில் என் பொய்யால் ஒரு நன்மை. நீ அனுப்பிய இரும்புச்சத்துக் குளிசை அலுமாரியில் அப்படியே இருக்கிறது. இரும்பு, கல்சியம், வயிற்றெரிவுக் குளிசை எல்லாம் இந்த மருந்தோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம். உனக்கு அதைச் சொல்லவும் முடியவில்லை.

இரவு ஒன்பது மணிக்கு போனில் அலாரம். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுத்தான் போத்தலைத் திறப்பேன், உள்ளே குளிசை கிலுங்குகிற சத்தம் அம்மாவுக்குக் கேட்கக் கூடாதென்று. லேபலை முதல் நாளே நகத்தால் சுரண்டிவிட்டேன். 28 நாளும் ஒன்றும் தவறவில்லை. ஹொஸ்டலில் மலேரியாக் குளிசையை யன்னலால் எறிந்தவள் நான், உனக்கு நினைவிருக்கும்.

மூன்று மாத முடிவு போன செவ்வாய் வந்தது. இல்லை. சிபிலிஸும் இல்லை. நர்ஸ் மிஸ்ஸி துண்டை நீட்டினா, நான் இரண்டு தரம் இலக்கத்தைச் சரிபார்த்தேன், பிறகு மருதானையிலிருந்து வெள்ளவத்தை மட்டும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், இருக்க இடமிருந்தும்.

எல்லாம் முடிந்ததென்று நினைக்காதே. ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் என்று ஒன்று இருக்கிறது, இப்படி நடந்தவர்களோடு இருந்து கதைக்கிறதற்கு. இரண்டு தரம் போனேன், இன்னும் போவேன். பொலிசுக்குப் போவதா என்று முடிவெடுக்கவில்லை. அதை உன்னோடு நேரில் கதைக்க வேண்டும்.

மூன்றாவது ஹெப்படைடிஸ் ஊசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அன்றைக்கு நீ வருவதென்றால் மட்டக்களப்பு இரவு ரயிலில் ஏறு, விடிய நான் கோட்டை ஸ்டேஷனில் நிற்பேன். அம்மாவுக்கு இன்னும் அது டெங்குதான், பார்த்துக் கதை.

உன்
வதனி