ஜெர்மனியிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? இங்கே வருவதற்கு முன் ஜெர்மன் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடு. கடையில் ஒரு பொட்டலத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அது போதும். பேச்சுக்கும் கடிதத்துக்கும், அது எங்கே சறுக்கும் என்று தெரிந்தவன் கையில்தான் உதவும்.

பெரிய சறுக்கல் மரியாதையில். நம் நீ, நீங்கள் மாதிரி அவர்களுக்கு டூ, ஸீ. அலுவலகத்தில், டாக்டரிடம், வீட்டுக்காரரிடம், முன்பின் தெரியாத பெரியவர்களிடம் எல்லாம் ஸீதான். செயலிகள் பல சமயம் தமிழை ஆங்கிலமாக்கி, அதிலிருந்து ஜெர்மனுக்குப் போகின்றன. ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதானே! நீ 'நீங்கள் எப்போது வருவீர்கள்' என்று பணிவாக எழுதினாலும் அந்தப் பக்கம் டூ என்று போய் விழலாம். திருப்பித் தமிழுக்கு மாற்றிப் பார்த்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் திரும்பி வருவதும் அதே வழியில்தான். பெண் டாக்டரை 'அவர்' என்று எழுதினால் ஆண்பாலாக்கி 'எர்' என்று போட்டுவிடலாம். 'நாளைக்கு வர முடியாது' என்று மட்டும் எழுதினால் யாரால் முடியாது என்பதை அதுவாக ஊகிக்கும். 'என்னால் நாளை பத்து மணிக்கு வர முடியாது' என்று எழுத்துத் தமிழில் முழுசாக எழுது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும்.

நேரம் சொல்லும்போது கவனம். 'ஹால்ப் ட்ரை' என்றால் சொல்லுக்குச் சொல் அரை, மூன்று. நம் காதுக்கு மூன்றரை என்றுதான் படும். ஆனால் அது இரண்டரை. மூன்றாவது மணியில் பாதி ஆகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. டெர்மீன் வாங்கும்போது (முன்பதிவுக்கு இங்கே எல்லோரும் சொல்லும் சொல் அதுதான்) 'ஃபியர்ட்சேன் ஊர் ட்ரைசிஷ்' என்று 24 மணிக் கணக்கில், அதாவது 14.30 என்று, திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள். எண்களில் ஒன்றாம் இலக்கம் முன்னால் வரும்: 21 என்பது 'ஐன் உண்ட் ஸ்வான்ட்சிஷ்', ஒன்றும் இருபதும். போன் எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள், 21ஐ 12 என்று எழுதிவிடுவது சுலபம். 'ஐன்ட்செல்ன், பிட்டெ' என்று கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்.

வாயில் தயாராக இருக்க வேண்டியவை: 'இஷ் ஃபெர்ஷ்டேஹெ நிஷ்ட்' (எனக்குப் புரியவில்லை), 'பிட்டெ லாங்ஸாமர்' (கொஞ்சம் மெதுவாக), 'க்யோன்ட்டன் ஸீ டாஸ் ஆவ்ஃப்ஷ்ரைபன்?' (இதை எழுதித் தர முடியுமா?). மூன்றாவதுதான் அதிகம் உதவும். கையில் எழுத்து வந்துவிட்டால் நிதானமாகப் படிக்கலாம். யாராவது டீ வேண்டுமா என்று கேட்டு நீ வெறும் 'டாங்கெ' என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் 'யா, கெர்ன்' என்று சொல்.

தமிழில் எழுதிக் காட்டிய உச்சரிப்பை அப்படியே நம்பாதே. மேலே இரண்டு புள்ளி வைத்த ஊ (ü) நம்மிடம் இல்லாத ஒலி: நாக்கு ஈ சொல்ல வேண்டும், உதடு ஊ சொல்ல வேண்டும். தட்டச்சில் இப்படி எழுத்தின் மேல் வரும் புள்ளிகளை விட்டுவிட்டால் 'அழகான' என்று பொருள்படும் schön, 'ஏற்கெனவே' என்று பொருள்படும் schon ஆகிவிடும், செயலியும் அப்படியே மொழிபெயர்க்கும். புள்ளி போட வராவிட்டால் அந்த எழுத்துக்குப் பின் ஓர் e எழுத்தைச் சேர்த்துவிடு, அது ஏற்கப்பட்ட முறைதான்.

வாடகை விளம்பரத்தில் 'கால்ட்மீட்டெ' என்று இருந்தால் செயலி குளிர் வாடகை என்று காட்டக்கூடும். வெப்பமூட்டும் செலவும் மற்ற பராமரிப்புச் செலவும் சேராத வாடகை அது. சேர்ந்தது 'வார்ம்மீட்டெ'. மின்சாரம் பெரும்பாலும் தனி, அதைக் கேட்டுக்கொள். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் கால்ட்மீட்டெதான், சட்டம் அப்படி.

கடிதங்களை கேமராவில் படிப்பதுதான் ஆபத்து. ஜெர்மனில் வினைச்சொல்லின் ஒரு துண்டு வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும். 'வியர் ஷ்டெல்லன் டீ ட்சாலுங் ஐன்' என்றால் பணம் கொடுப்பதை நிறுத்துகிறோம் என்று பொருள். கடைசி 'ஐன்' அடுத்த வரியில் விழுந்து, கேமரா அதை விட்டுவிட்டால் நிறுத்தம் என்ற செய்தியே காணாமல் போகும். வரி வரியாக விடாமல், முற்றுப்புள்ளி வரை முழு வாக்கியமாக நீயே தட்டச்சு செய்து போடு. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பெயர் இவற்றை மட்டும் எடுத்துவிடு.

அரசு அலுவலகத்தின் முடிவை எதிர்த்து 'விடர்ஷ்ப்ருக்' போட வழக்கமாக ஒரு மாதம்தான் கெடு. கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். மஞ்சள் உறையில் வந்தால் தபால்காரர் அதன் மேல் எழுதிய தேதியிலிருந்து கெடு ஓடும். அந்த உறையையும் கடிதத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா